தட்டில் இருந்த பெயர்

இசைத்தட்டின் நடுவில் வட்டமாக ஒட்டியிருக்கும் காகிதத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். சங்கீதத்தைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. நம் சங்கீதத்திலேயே கேள்வி ஞானத்தோடு சரி. மேல்நாட்டு சங்கீதத்தில் அதுவும் அரைகுறை. ஆனால் காகிதத்தில் அச்சாகும் பெயர் என்றால் எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு. இருபது வருஷத்துக்கு மேலாக அந்த அச்சான பெயரை நம்பித்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது.

நான் சொல்லும் தட்டு 1928-ஆம் வருஷம் ஜூன் மாதம் பாரிஸ் நகரத்தில் பதிவானது. அக்கார்டியன் வாசித்தவர் ழான் வேஸாத். அவருக்குத் துணையாகப் பாஞ்சோ வாசித்தவன் பதினெட்டு வயசுப் பையன். காகிதத்தில் அவன் பெயரை ‘ஜியாங்கோ ரெனார்’ என்று போட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு வாத்தியக்காரன் இருந்ததே இல்லை. பிரெஞ்சு பாஷையில் ரெனார் என்றால் நரி. பையனுக்கும் நரிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவன் பெயர் ஜாங்கோ ரைன்ஹார்ட். அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெயர் என்ன என்று கேட்டிருப்பார்கள்; சொல்லியிருப்பான்; காதில் விழுந்தபடி யாரோ எழுதிக்கொண்டு விட்டார். சரியாக இருக்கிறதா பார் என்று அவனிடம் காகிதத்தை நீட்டியிருந்தாலும் பயன் இருந்திருக்காது.

பிற்காலத்தில், கிதார் என்றவுடன் ஜாஸ் தெரிந்தவர்கள் சொல்லும் முதல் நாலைந்து பெயர்களுக்குள் அது வந்துவிட்டது. ஐரோப்பாவில் பிறந்து, அமெரிக்கர்களே திரும்பிப் பார்க்கும்படி ஜாஸ் வாசித்தவர்களில் அவனைத்தான் முதலில் சொல்கிறார்கள். ‘அவர்’ என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் நான் பேசப்போவது அந்தப் பதினெட்டு வயசுக்காரனைப் பற்றி. பேனா ‘அவன்’ என்றே ஓடுகிறது. இருக்கட்டும்.

ஜாங்கோ பிறந்தது 1910-ஆம் வருஷம் ஜனவரி 23-ஆம் தேதி, பெல்ஜியத்தில் லிபெர்ஷி என்ற ஊரில். சொந்த ஊர் என்று சொல்ல முடியாது. வண்டி அங்கே நின்றபோது பிறந்தான், அவ்வளவுதான். மானூஷ் என்ற நாடோடி இனத்துக் குடும்பம். கட்டை வண்டிதான் வீடு, வாசல், சொத்து எல்லாம். அரசாங்கப் பதிவேட்டில் அவனை ழான் என்று எழுதிக்கொண்டார்கள். வண்டிக்குள் கூப்பிட்ட பெயர் ஜாங்கோ. அவர்கள் பாஷையில் அதற்கு ‘விழித்தெழுகிறேன்’ என்று அர்த்தம் சொல்கிறார்கள். ஆகப் பிறந்த நாளிலிருந்தே காகிதத்தில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர் என்று அவனுக்கு ஏற்பட்டுவிட்டது.

வளர்ந்தது பாரிஸின் விளிம்பில். பழைய கோட்டைச் சுவருக்கு அப்பால், நகரமும் இல்லாமல் கிராமமும் இல்லாமல், ஊரைச் சுற்றி வளையமாக ஒரு வெட்டவெளி கிடந்தது. அதற்கு ‘ஸோன்’ என்று பெயர். குப்பை பொறுக்குகிறவர்கள், தகரக் கொட்டகைக்காரர்கள், நாடோடிகளின் வண்டிகள் எல்லாவற்றுக்கும் அதுதான் புகலிடம். பன்னிரண்டு வயசில் தெரிந்தவர் ஒருவர் அவனுக்கு ஒரு பாஞ்சோ-கிதாரைக் கொடுத்தார். கிதாரைப் போலவே ஆறு தந்தி, அதே சுருதி. ஆனால் மரக்குடத்துக்குப் பதிலாக நம் கஞ்சிராவைப் போலத் தோல் போர்த்திய வட்டம். வைத்து வாசித்தவர்களின் விரல்களைப் பார்த்துப் பார்த்தே பாடம் பண்ணிக்கொண்டான். அடுத்த வருஷமே சம்பளத்துக்கு வாசிக்கப் போய்விட்டான். மோன்ழ் தெருவில் ஒரு நடனக் கொட்டகை. அங்கே கெரினோ என்ற அக்கார்டியன்காரருக்குப் பக்கவாத்தியம்.

இந்தக் கொட்டகைகளுக்கு ‘பால் மூஸெத்’ என்று பெயர். மூஸெத் என்பது உண்மையில் துருத்தியை அமுக்கி ஊதும் ஒரு நாட்டுப்புற வாத்தியம். இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அக்கார்டியனைக் கொண்டுவந்து அதைத் துரத்திவிட்டார்கள். வாத்தியம் போயிற்று, பெயர் மட்டும் வாசற்பலகையில் தங்கிவிட்டது. இந்த விஷயத்தில் பெயர்கள் எங்கேயும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கின்றன போலிருக்கிறது.

வேலை முடிந்து வரும் தொழிலாளிகளும், கடைச் சிப்பந்திகளும், கொஞ்சம் சந்தேகப்படத்தக்க ஆசாமிகளும் கைகோத்து ஆடும் இடம் அது. வால்ட்ஸ் என்ற மூன்றெண்ணிக்கை ஆட்டமும், ஜாவா என்று அதிலேயே கொஞ்சம் குலுக்கலான ஒரு தினுசும். அக்கார்டியன்தான் ராஜா. கிதாரின் மெல்லிய குரல் அந்தக் காலடிச் சத்தத்தில் எடுபடாது; அதனால்தான் பாஞ்சோ. அதன் தோல் தந்தியின் சத்தத்தை வாங்கிப் ‘பட்’டென்று எறியும். இனிமை குறைச்சல், ஆனால் கொட்டகையின் கோடி வரை கேட்கும். ஆடுகிறவர்களுக்குக் கால் தவறாமல் எண்ணிக்கை கொடுப்பது அதன் உத்தியோகம். பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வரை ஜாங்கோ செய்த உத்தியோகம் அதுதான்.

அந்த உத்தியோகஸ்தனாகத்தான் ஒலிப்பதிவுக்கும் போனான். அப்போது பதிவு எப்படி நடந்தது என்று கொஞ்சம் சொல்லவேண்டும். வாத்தியக்காரர்கள் பெரிய ஊதுகுழலின் வாயண்டை நெருக்கியடித்துக்கொண்டு வாசித்த காலம் போய், மைக் வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. கனமான மெழுகு வட்டம் ஒன்று சுழலும். அதில் ஊசி கோடு கிழித்துக்கொண்டே போகும். மூன்று நிமிஷம் போல இடம் உண்டு. அதற்குள் ஆரம்பித்து அதற்குள் முடிக்கவேண்டும். நடுவில் தப்பு வந்தால் ஒட்டுப்போட முடியாது. மெழுகைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது மெழுகில் மறுபடியும் முதலிலிருந்து. எப்படி வந்திருக்கிறது பார்க்கலாம் என்று அந்த மெழுகையே ஓட்டிக் கேட்டால் கோடு கெட்டுப் போகும். எந்த வாத்தியம் உரக்கக் கேட்கவேண்டும், எது அடங்கிக் கேட்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது யார் மைக்குக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதுதான். அக்கார்டியன் முன்னே, பாஞ்சோ பின்னே. பையன் நின்ற தூரம்கூட அந்தத் தட்டில் பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மெழுகிலிருந்து உலோக அச்சு எடுத்து, அதை வைத்து அரக்குக் கலவையில் தட்டு அடிப்பார்கள். அந்தக் காலத்தில் உலகத்துக்கு வேண்டிய அரக்கில் பெரும்பங்கு நம் நாட்டுக் காடுகளிலிருந்துதான் கப்பலேறிப் போயிற்று. சோட்டா நாகபுரிப் பக்கத்தில் பூச்சி மரக்கிளையில் கட்டிய அரக்கு, பாரிஸ் கொட்டகைச் சங்கீதத்தைத் தாங்கிக்கொண்டு சுழன்றிருக்கிறது. இதிலே பெருமைப்பட நமக்கு ஒன்றும் இல்லை. நினைத்துப் பார்க்க வேடிக்கையாக இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன். அந்த 1928-ஆம் வருஷத்து ஜாங்கோ தட்டுகளில் ஒன்றின் பெயரே ‘இந்துஸ்தான் தேசத்தில்’ என்பது. கேட்டால் இந்துஸ்தானமும் இல்லை, ஒன்றும் இல்லை. நல்ல துள்ளல் நடனம்.

அந்த வருஷத்துத் தட்டுகள் சிலவற்றைச் சேர்த்து வெளியிட்ட குறுந்தகடு ஒன்று என்னிடம் இருக்கிறது. ராத்திரி எழுத்து வேலை முடிந்த பிறகு போட்டுக் கேட்பேன். கேட்டால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். அக்கார்டியன் வெள்ளம் போல வருகிறது. பாஞ்சோ எங்கேயோ அடியில் ‘டிக் டிக்’ என்று காலத்தைக் கணக்குப் பண்ணிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் தடவை கேட்கும்போது, அக்கார்டியன் மூச்சு வாங்கும் இடங்களில் அடித் தந்தியில் ஒரு சின்ன ஓட்டம் ஓடி, ஒன்றும் தெரியாத பிள்ளை போலத் திரும்பி வந்து எண்ணிக்கையில் சேர்ந்துகொள்வது காதில் விழுகிறது. பல தடவை கேட்ட பிறகு அக்கார்டியன் பின்னுக்குப் போய்விடுகிறது. அப்புறம் அந்தப் பையன் ஒருவன்தான் கேட்கிறான். துணைக்கு வந்தவன் அடங்கியிருக்கத்தான் பார்க்கிறான். கை அடங்க மாட்டேன் என்கிறது.

எனக்கு இதில் ஒரு பக்ஷபாதம் இருக்கலாம். என்னுடைய முதல் கதை பத்திரிகையில் வந்தபோது தலைப்பெழுத்து மாறி, பெயரிலும் ஓர் எழுத்து விழுந்துபோய் அச்சாகியிருந்தது. எந்தப் பத்திரிகை என்று சொல்வது நாகரிகம் இல்லை. கடைத்தெருவில் எடுத்துக் காட்டினால் ஒருவர் கூட நம்பவில்லை. “வேறு யாரோ எழுதியிருக்கிறான், நீ உன்னுது என்கிறாயா?” என்றார் ஒரு பெரியவர். என் அம்மா மட்டும் உடனே நம்பினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பத்திரிகையை வாங்கி, பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தாள். அந்தக் கதையை இப்போது எடுத்துப் பார்த்தால் எழுதினவனை எனக்கே அடையாளம் தெரிவதில்லை. ஆனாலும் அங்கே இங்கே ஒரு வாக்கியத்தில் தலையை நீட்டுகிறான்.

என் விஷயத்தில் அந்தக் கதை காணாமல் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஜாங்கோவின் தட்டுகள் அப்படி அல்ல. காரணத்தைச் சொல்கிறேன்.

அதே 1928-இல் லண்டனிலிருந்து ஜாக் ஹில்டன் என்பவர் பாரிஸுக்கு வந்தார். இங்கிலாந்தில் பெரிய வாத்திய கோஷ்டி வைத்து நடத்தியவர். ஒரு நாடோடிப் பையன் பாஞ்சோவும் கிதாரும் வாசிக்கிறான் என்று கேள்விப்பட்டு, அவனைக் கேட்கவே வந்தார், கேட்டார், அந்த இடத்திலேயே வேலை கொடுத்தார். பையனும் சரி என்றான். லண்டனுக்குப் போகவேண்டியதுதான் பாக்கி.

இலையுதிர் காலத்தில் ஒரு நாள், நடுநிசி தாண்டி வாசித்துவிட்டு வண்டிக்குத் திரும்பினான். அவன் மனைவியை பெல்லா என்று கூப்பிடுவார்கள். வீட்டுச் செலவுக்காக அவள் காகிதத்திலும் செலுலாய்டிலும் பூச்செய்து விற்பாள். விற்க வேண்டிய பூ வண்டி நிறையக் குவிந்து கிடந்தது. பழைய சினிமாச் சுருள் எதனால் ஆனதோ, எதற்காக அதைத் தீக்குச்சிக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது என்பார்களோ, அதே வஸ்துதான் செலுலாய்டு. எலி உருட்டுகிற மாதிரி சத்தம் கேட்டு மெழுகுவத்தியை எடுத்துக் குனிந்து பார்த்ததாகவும், எரிகிற திரி பூவின் மேல் விழுந்ததாகவும் சொல்கிறார்கள். வண்டி முழுவதும் ஒரே ஜ்வாலை. கம்பளியைப் பிடித்து மறைத்துக்கொண்டு இருவரும் வெளியே வந்து விழுந்தார்கள். பெல்லா பிழைத்தாள். அவனுக்கு வலது காலும் இடது கையும் வெந்து போயிற்று.

வேஸாத்தோடு பதிவு செய்த பாட்டுகளில் ஒன்றின் பெயர் ‘லா காரவான்’. நாடோடிகளின் வண்டிக்கும் பிரெஞ்சில் அதே சொல்தான். நான் கதை எழுதினால் இப்படிப் பெயர் வைக்கமாட்டேன். வாசகர்கள் சிரிப்பார்கள். வாழ்க்கைக்கு அந்தப் பயம் இல்லை.

காலை எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். ஜாங்கோ ஒப்பவில்லை. ஒன்றரை வருஷம் படுக்கையும் வைத்தியமுமாகப் போயிற்று. கால் நிலைத்தது. கைதான் மோசம். இடது கை மோதிர விரலும் சுண்டுவிரலும் நரம்பு சுருங்கி உள்ளங்கைப் பக்கம் மடங்கிப் போய்விட்டன. கிதார் வாசிக்கிறவனுக்குத் தந்தியின் மேல் ஓடுவது இடது கைதான். கட்டைவிரல் போக நாலு விரல். நாலில் இரண்டு போய்விட்டது. தம்பி ஜோஸஃப் ஒரு கிதார் வாங்கிக்கொண்டு போய்ப் படுக்கையில் வைத்தான். பாஞ்சோ அல்ல, கிதார். வாங்கும்போது அந்தத் தம்பி மனசில் என்ன நினைத்தான் என்று எனக்கு யோசனை போவதுண்டு. ஆறுதலுக்குத்தான் வாங்கியிருப்பான். இரண்டு விரலை வைத்துக்கொண்டு அண்ணன் இனிமேல் வாசிக்கப் போகிறான் என்று நம்பியா வாங்கினான்? நம்பியும் இருக்கலாம். தம்பிமார் அப்படியும் உண்டு.

அந்த இரண்டு விரலைக் கொண்டு அவன் என்ன பண்ணினான் என்பது எனக்கு வெறும் செய்தியாகத்தான் இருந்தது, என் சிநேகிதர் ஒருவர் வந்து காட்டும் வரையில். அவர் மெல்லிசைக் கோஷ்டி ஒன்றில் கிதார் வாசிக்கிறவர். கல்யாணம், கோயில் திருவிழா, கம்பெனி விழா என்று ஊர் ஊராகப் போகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பி சாப்பிட்டுக்கொண்டே, ஜாங்கோ 1937-இல் தனியாக வாசித்த ‘இம்ப்ரொவிசேஷன்’ என்ற தட்டைப் போட்டேன். காப்பி ஆறிப்போயிற்று.

“எத்தனை விரல் என்று சொன்னீங்க?” என்றார்.

“இரண்டு.”

“விளையாடாதீங்க சார்.”

பையிலிருந்த கைக்குட்டையை எடுத்து, மோதிர விரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துக் கட்டச் சொன்னார். கட்டினேன். கிதாரை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் போராடினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு விரல் இருக்கும்போது அவர் கை ஓர் இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். விரல்கள் மட்டும் குறுக்கே தந்திக்குத் தந்தி தாண்டும். இரண்டு விரலைக் கட்டினவுடன் அந்த உட்கார்ந்த நிலை சாத்தியமில்லாமல் போய்விட்டது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகவேண்டுமானால் கை முழுவதும் கிளம்பித் தண்டின் மேல் நீளவாக்கில் ஓட வேண்டியிருந்தது.

“உட்கார்ந்து சாப்பிடுகிறவனை ஓடிக்கொண்டே சாப்பிடு என்கிற மாதிரி இருக்கிறது” என்றார்.

அதைத்தான் ஜாங்கோ செய்தான். ஓடினான். தண்டின் அடியிலிருந்து உச்சி வரைக்கும் சரிவாக ஏறி இறங்கும் வழிகளைக் கண்டுபிடித்தான். ஒரே விரலைத் தந்தியில் வழுக்கிக்கொண்டு போய், வரிசையாக எல்லா ஸ்வரங்களையும் மணி உதிர்கிற மாதிரி உதிர்த்தான். பல தந்திகளைச் சேர்த்துப் பிடிக்க வேண்டிய இடத்தில் இரண்டு மூன்று ஸ்வரங்களை மட்டும் பொறுக்கி எடுத்துப் பிடித்தான். கட்டைவிரலையும் மேலாகச் சுற்றிக் கொண்டுவந்தான். மடங்கின விரல்களைக்கூட மேல் தந்திகளில் சாத்தி வைத்து முடிந்தமட்டும் வேலை வாங்கினான். அவனுடைய வாசிப்பு என்று உலகம் அடையாளம் கண்டுகொள்ளும் பாணியில் பாதி இந்த ஓட்டம்தான்.

இங்கேதான் எனக்கு ஒரு சண்டை. ஜாங்கோவைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர், தீ விபத்துத்தான் அவனை மேதை ஆக்கியது என்கிற மாதிரி எழுதிவிடுகிறார்கள். ஊனம் வந்தது, அதனால் புதுப்பாணி பிறந்தது, எல்லாம் நன்மைக்கே! கதைக்கு அழகான திருப்பம்தான். நானே கதைக்காரன் என்பதால் அந்தத் திருப்பத்தின் ஆசை எனக்குத் தெரியும். அதனாலேயே நம்ப மாட்டேன் என்கிறேன். ஹில்டன் வந்தது தீக்கு முந்தி. அவர் கேட்டது நாலு விரல் கையை. எத்தனையோ வாத்தியக்காரர்களை வைத்துச் சம்பளம் கொடுத்த மனிதர், எழுதப் படிக்கத் தெரியாத, லண்டனையே பார்த்திராத ஒரு பையனை, அனுதாபத்தினால் அழைக்கவில்லை. அனுதாபப்பட அப்போது ஒன்றுமே நடந்திருக்கவில்லை.

அந்த முழுக் கை எதை எட்டிப் பிடித்திருக்கும் என்பதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் சாட்சியம் 1928-ஆம் வருஷத்துத் தட்டுகள் சில. வேஸாத்தோடு சில, அலெக்ஸாந்தர், மார்ஸோ என்ற வேறு அக்கார்டியன்காரர்களோடு சில. வேறே கிடையாது. எல்லாவற்றிலும் அவன் பின்னால் நிற்கிறான். எதிலும் ‘இப்போது நீ வாசி’ என்று அவனுக்கு வழிவிட்டு மற்றவர்கள் நிறுத்தினார்கள் என்பது இல்லை. அந்தக் கைக்கு இருந்த ஆயுள் இன்னும் சில மாதங்கள்தான் என்று தெரிந்திருந்தால் யாராவது மெழுகில் ஒரு மூன்று நிமிஷத்தை அவனுக்கென்று ஒதுக்கியிருக்கலாம். யாருக்குத் தெரியும்? பதினெட்டு வயசுப் பையன், இன்று இல்லாவிட்டால் நாளைக்கு வாசிக்கிறான் என்றுதான் எவனும் நினைப்பான். 

என் சிநேகிதரிடமும் அந்தப் பழைய தட்டைப் போட்டுக் காட்டினேன். கைக்குட்டையை அவிழ்க்காமலே கேட்டார். இரண்டு மூன்று இடங்களில் நிறுத்தி மறுபடியும் போடச் சொன்னார். கடைசியில், “சார், இது உட்கார்ந்த கை” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மற்றது எல்லாரும் அறிந்த சரித்திரம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எழுந்து நடமாட ஆரம்பித்தபின் ஜாங்கோ தெற்கே துறைமுகப் பட்டணங்களில் அலைந்தான். 1931-இல் தூலோனில் எமில் ஸாவித்ரி என்பவர் (பெயரைக் கண்டு நம்மவர் என்று நினைக்க வேண்டாம், பிரெஞ்சுக்காரர்தான்) தம் அறைக்கு அழைத்துப் போய் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஜாஸ் தட்டுகளைப் போட்டுக் காட்டினார். ஜாங்கோ தலையைக் கைகளில் பிடித்துக்கொண்டு அழுதான் என்கிறார்கள். அதன் பிறகு அக்கார்டியன் கொட்டகை அவனுக்குப் பத்தவில்லை. 1934-இல் பாரிஸில் கிளாரிட்ஜ் ஹோட்டலில் ஒரே கோஷ்டியில் வேலை பார்த்த ஸ்டெஃபான் கிராப்பெல்லி என்ற பிடில்காரரும் அவனும், முறை இல்லாத நேரத்தில் திரைக்குப் பின்னால் தங்கள் சந்தோஷத்துக்கு வாசித்தார்கள். இன்னும் இரண்டு கிதார், ஒரு பெரிய பேஸ் பிடில் சேர்ந்தன. ஒரு கிதார், தம்பி ஜோஸஃப். ஊதுகுழல் இல்லை, டிரம் இல்லை, தந்தி மட்டும். இப்படி ஒரு ஜாஸ் கோஷ்டியை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

அந்த வருஷம் செப்டம்பரில் ஓடியான் கம்பெனிக்கு மாதிரித் தட்டு ஒன்று வாசித்துக் கொடுத்தார்கள். ரொம்ப நவீனமாக இருக்கிறது, வேண்டாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. சார்ல் டெலோனே என்ற இளைஞரும் நண்பர்களும் விடாமல் அலைந்தார்கள். டிசம்பரில் அல்ட்ராஃபோன் கம்பெனி நாலு பாட்டுப் பதிவு செய்ய ஒப்புக்கொண்டது. ‘டைனா’, ‘டைகர் ராக்’, ‘லேடி பி குட்’, ‘ஐ ஸா ஸ்டார்ஸ்’. இந்தத் தடவை கிதார் முன்னே நின்றது. காகிதத்தில் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்று எழுத்துப் பிசகாமல் போட்டிருந்தார்கள். கிராப்பெல்லியின் பெயர்தான் கடைசி எழுத்து வேறு மாதிரி விழுந்தது. யாராவது ஒருவர் கொடுக்க வேண்டிய வரி போலிருக்கிறது அது.

ஜாங்கோ 1953-ஆம் வருஷம் மே 16-ஆம் தேதி காலமானான். நாற்பத்து மூன்று வயசு. கடைசிப் பதிவு அதற்கு முந்தின மாதம்தான் நடந்தது. மின்சார கிதார், பக்கத்தில் இளம் தலைமுறைக்காரர்கள். அந்த வயசை நான் தாண்டிவிட்டேன். பிறந்தநாள் அன்றைக்கு இது ஞாபகம் வந்து, கொஞ்ச நேரம் என்னவோ போல இருந்தது. பிறகு, வரவேண்டிய தொடர்கதை அத்தியாயத்துக்காக ஆபீஸ் பையன் வந்து நின்றுவிட்டான்.

வேஸாத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அந்தத் தட்டுகள் அவருடையவை. பெயர் சரியாக அச்சாகியிருப்பதும் அவருக்குத்தான். அவரும் அப்போது இளைஞர். நன்றாக வாசித்திருக்கிறார், பின்னாளில் அவர் மெட்டமைத்து ரீனா கெட்டி என்ற அம்மாள் 1938-இல் பாடிய ‘சோம்பிரேரோவும் மாந்திலாவும்’ என்ற பாட்டைப் பிரான்ஸ் முழுவதும் முணுமுணுத்தது. அப்படிப்பட்டவரின் தட்டை இன்றைக்கு உலகத்தில் எந்த மூலையில் யார் போட்டாலும் அவரைக் கேட்பதற்காகப் போடுவதில்லை. அவருக்குப் பின்னால் நின்றவனைக் கேட்பதற்காகப் போடுகிறார்கள். ‘கொஞ்சம் நகருங்கள் ஐயா, மறைக்கிறது’ என்று சொல்லாத குறைதான். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

என் மனைவி அந்தக் கூட்டம் இல்லை. போன வாரம் ராத்திரி அந்தத் தட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, சமையலறையை ஒழித்துவிட்டு, ஈரக் கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். முழுப்பாட்டையும் கேட்டாள். நான் அடித் தந்தியில் அந்தச் சின்ன ஓட்டம் வரும் இடத்தில் விரலைத் தூக்கிக் காட்டினேன். அவள் கவனிக்கவில்லை.

“இந்த ஆர்மோனியக்காரர் எவ்வளவு நன்றாக வாசிக்கிறார்! யார் இவர்?” என்றாள்.

“வேஸாத்” என்றேன்.

இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். நாக்கு ஒத்துழைக்கவில்லை. உள்ளே போய்விட்டாள். மறுநாள் சாப்பாட்டுக்குப் பின் நான் காகிதத்தையும் பேனாவையும் எடுத்தபோது, “எழுதுவது இருக்கட்டும். அந்த வைத்தியநாத் பாட்டைக் கொஞ்சம் போடுங்களேன்” என்றாள்.